அடுத்த வருஷத்துக்கு ஒரு பிரேக் கட்டை

முதலிலேயே சத்தியம் செய்துவிடுவது நல்லது. பிறகு நடுவில் நிறுத்தி யாரும் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது. இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் நடந்தது. எந்தப் புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொன்னாலும் வைக்கலாம். கனமான புத்தகமாக இருந்தால் கொண்டுவந்தவரே திருப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். முக்கியமாக, இதில் வருகிற இன்ஸ்பெக்டர் தன் ஆயுளில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்பது கலப்படமில்லாத உண்மை. அதை நம்ப முடியாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

மெத்தைக்கடைக்காரர் சாகக் கிடந்த அன்று காலையில், அவர் மனைவி ஒரு குட்டி விமானத்தின் மூக்குக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் உள்ள வாங்கம்மா. தலையை மட்டும் தூக்கிடாதீங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

தூக்கினாள். ணங்கென்று இடித்தது.

"அதான் சொன்னேன்," என்றார் அவர், எந்த வருத்தமும் இல்லாமல். டார்ச்சை அவள் காதோரமாக நீட்டி ஓர் இடத்தைக் காட்டினார். என்ஜினை விமானத்தின் உடம்போடு பிடித்து நிறுத்தும் இரும்புக் குழாய்ச் சட்டம் அது. அங்கே எல்லோரும் மவுன்ட் என்பார்கள். இரண்டு குழாய்கள் ஒட்டும் இடத்தில் வெள்ளைப் பொடி பூசியிருந்தது. பொடியின் நடுவில், தலைமுடி ஒன்று விழுந்து கிடப்பதுபோல, ஒரு சிவப்புக் கோடு.

"முதல்ல சிவப்புச் சாயம் தடவுவோம். தொடைச்சிட்டு மேல பொடி அடிப்போம். வெடிப்பு இருந்தா, உள்ள போன சாயம் வெளிய வந்து காட்டிக் குடுத்துடும்."

"இதுவா? இத்தனூண்டா?"

"இத்தனூண்டுதான்."

"இதுக்கு மேல கொஞ்சம் பெயிண்ட் அடிச்சா என்ன?"

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்த பார்வையில், அவள் தன் தலைமுடி கலைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவர் பார்வைக்கு அந்தக் குணம் உண்டு. தனியார் விமானங்களை வருஷத்துக்கு ஒருமுறை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்து, இது இன்னும் ஒரு வருஷம் பறக்கலாம் அல்லது பறக்கக் கூடாது என்று சொல்வது அவர் வேலை. சொந்தமாக விமானம் வைத்திருப்பவர்கள் அதை ஆனுவல் என்பார்கள். ஆனுவல் வாரத்தில் அவர்கள் வீட்டில் யாரும் அவர்களிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. அவருக்கு வைத்த பெயர் நொட்டை. நொட்டை சொல்வதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறெதுவும் வந்து யாரும் கேட்டதில்லை. அவர் மனைவி புது மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, "கண்ணாடி நல்லாருக்கு," என்று சொல்லி நிறுத்திக்கொண்டவர். அந்த விமானக் கொட்டகையில் வளர்ந்த பூனை ஒன்று ஒருநாள் அவர் டார்ச் வெளிச்சத்தில் குறுக்கே போனது. அவர் பார்த்துவிட்டு, "பின்னங்கால், வலது பக்கம், கொஞ்சம் தேய்மானம்," என்றார். அதுவரை துள்ளிக்கொண்டிருந்த பூனை அன்றையிலிருந்து நொண்டியது. பூனை இப்போதும் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

"பெயிண்ட் அடிச்சா கோடு போயிடும்மா. வெடிப்பு போகாது," என்றார் இன்ஸ்பெக்டர். "என்ஜினைக் கழட்டி இறக்கணும். சட்டத்தை அனுப்பி ஒட்டி வாங்கணும். திரும்பி வர மாசக்கணக்காகும்."

"அவருக்கு அவ்வளவு நேரமில்ல. டாக்டர் இன்னைக்குங்கறாரு. மிஞ்சிப்போனா நாளைக்குங்கறாரு."

இன்ஸ்பெக்டர் டார்ச்சை அணைத்தார்.

அவள் வந்த காரியம் இதுதான். அவள் வீட்டுக்காரர் ஊருக்கெல்லாம் தூக்கம் விற்றவர். அவர் கடையில் மெத்தை எப்படி என்று படுத்துப் பார்த்த ஒருவர் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தார். எழுந்ததும் இன்னும் கொஞ்சம் படுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். அப்படிப்பட்ட கடைக்காரருக்கு மட்டும் தரையில் படுப்பு கொள்ளவில்லை. இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு பழைய விமானத்தை வாங்கிப்போட்டார். அதைப் பறக்க வைத்ததைவிடக் கழற்றி மாட்டியதுதான் அதிகம் என்பாள் அவள். ஒவ்வொரு வருஷமும் அந்த ஒரு வாரம் கடையைப் பூட்டிவிட்டு, இன்ஸ்பெக்டருக்குக் கையாளாகப் போய்விடுவார். சீட்டைக் கழற்றுவது, தரைப் பலகையைத் தூக்குவது, மல்லாந்து படுத்துக்கொண்டு டார்ச் பிடிப்பது எல்லாம் அவர். ஏச்சு வாங்குவதும் அவர். சாயங்காலம் முழங்கை வரை கிரீஸோடு வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு அந்த நொட்டை என்ன சொன்னான் தெரியுமா," என்று ஆரம்பிப்பார். வருஷத்தில் மற்ற எந்த வாரத்திலும் அவர் முகத்தில் அவ்வளவு களை இருந்து அவள் பார்த்ததில்லை.

இந்த வருஷம் விமானம் மட்டும் போயிருந்தது. அவர் படுக்கையில் கிடந்தார். ஒரு வாரமாக ஒரே பாட்டுத்தான். "மூடிட்டானா?" என்று கேட்பார். "எல்லாத்தையும் திறந்து போட்டபடி நான் போகக் கூடாது. ஒருத்தன் வீட்டுக் கதவையெல்லாம் திறந்து போட்டுட்டுப் போவானா?" மருந்தைக் கொடுத்தால் வாயை மூடிக்கொள்வார். கண்ணை மூடச் சொன்னால் மாட்டேன் என்பார். அன்று விடியற்காலையில் பொறுக்க முடியாமல் அவள் ஒரு பொய் சொன்னாள்.

"ஆனுவல் முடிஞ்சுதாம். போன்ல சொன்னாரு. ஒரு குறையும் இல்லையாம். நிம்மதியா தூங்குங்க."

மெத்தைக்கடைக்காரர் கண்ணை இன்னும் அகலமாகத் திறந்தார். "ஒரு குறையும் இல்லைனா சொன்னான்?"

"ஒரு குறையும் இல்லையாம்."

"அவன் சொல்லல. நீ சொல்ற," என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. இவ்வளவு வருஷம் குடித்தனம் நடத்தி, கடைசி நாளில் பேச்சுவார்த்தை இல்லை. அதனால்தான் அவள் நாத்தனாரைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கொட்டகைக்கு ஓடி வந்திருந்தாள்.

"நான் ஒண்ணும் உங்களைக் கையெழுத்துப் போடச் சொல்லல," என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "வந்து வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. முடிஞ்சுது, பறக்கலாம்னு. நீங்க சொன்னா நம்புவாரு."

"முடியலையே."

"முடிஞ்ச மாதிரி சொல்லுங்க."

"பார்க்காததைப் பார்த்தேன்னும் நான் சொன்னதில்ல. பார்த்ததைப் பார்க்கலைன்னும் சொன்னதில்ல."

"அவரு என்ன அதுல ஏறிப் பறக்கவா போறாரு? அந்தக் கோட்டால யாருக்கு என்ன ஆகப்போகுது?"

"கோடு கோடுதான்."

அவளுக்கு ஆத்திரம் வந்தது. சுற்றிலும் பார்த்தாள். கழற்றிய மூடிகள் ஒரு பக்கம் அடுக்கியிருந்தன. சீட்டுகள் இரண்டும் சுவரோரம் முகத்துக்கு முகம் பார்த்தபடி, பேசிக்கொண்டிருப்பவைபோல உட்கார்ந்திருந்தன. மேஜையில் பிளக்குகள் வரிசையாக நின்றன. எண்ணெய் வடிகட்டியை வெட்டிப் பிரித்து, அதன் மடிப்புத் தாளை ஒரு தட்டில் விரித்திருந்தார்; இரும்புத்தூள் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. இவ்வளவையும் பார்க்கிற மனுஷனுக்கு ஒன்று மட்டும் தெரியவில்லையே என்று நினைத்தாள்.

"சரி. நான் போயி இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். உங்க பேரைச் சொல்லித்தான் காலையிலயும் சொன்னேன், ஒரு குறையும் இல்லைன்னு."

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது. "என் பேரைச் சொல்லியா?"

"ஆமா."

"ஒரு குறையும் இல்லைன்னா?"

"ஆமா, ஆமா."

"அம்மா," என்றார் அவர். குரல் உண்மையாகவே அடிபட்டிருந்தது. "இத்தனை வருஷ சர்வீஸ்ல என்னைப் பத்தி யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல."

அவள் வெளியே நடந்தாள். வாசலில் பூனை நொண்டிக்கொண்டே ஒதுங்கி வழிவிட்டது.

*

வீட்டில் நாத்தனார் சூப் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாய்டா. ஒரே ஒரு வாய். சின்ன வயசுலயும் இப்படித்தான் பல்லைக் கடிச்சுக்குவான். மூக்கைப் புடிச்சாத்தான் வாயைத் திறப்பான்."

"மூக்கைப் புடிக்காதீங்க அண்ணி. இப்ப வேணாம்," என்றாள் அவள்.

"இப்பப் புடிப்பேனா? ஒரு பேச்சுக்குச் சொல்றேன்." நாத்தனார் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்தினால் பக்கத்து வீட்டுக்கு மட்டும்தான் கேட்கும். "எங்க போயிட்டு வர்ற? புருஷன் இந்த நிலைமையில கிடக்கையில?"

"கடைக்கு."

"கடையிலயா தலையில கிரீஸ் பூசிவிட்டாங்க?"

அவள் உச்சியைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் கறுப்பாக ஒட்டியது. சுவரைப் பார்த்துக் கிடந்தவர் மெல்லத் திரும்பி அந்த விரலைப் பார்த்தார். சுவர் பக்கம் மறுபடி திரும்பவில்லை. அவள் அதையே பெரிதாக எடுத்துக்கொண்டு, கட்டிலோரம் உட்கார்ந்து அவர் பாதங்களைப் பிடித்துவிட்டாள். கால் சில்லிட்டிருந்தது. அவர் படுத்திருந்தது கடையில் யாரும் வாங்காமல் நடுவில் குழி விழுந்துபோன ஒரு மெத்தை. நல்ல மெத்தை ஒன்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததே கிடையாது. கேட்டால், விற்கிற சரக்கில் நாமே படுக்கலாமா என்பார்.

மத்தியானம் வாசலில் யாரோ செருப்பைத் தட்டும் சத்தம் கேட்டது. நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"யாரோ வந்திருக்காரு. வாசப்படி ஆடுதுங்கறாரு."

இன்ஸ்பெக்டர்தான். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார். நகக்கண்ணில் மட்டும் சிவப்புச் சாயம் போகாமல் இருந்தது. சட்டைப்பையில் டார்ச். அவள் எழுந்து நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்து, அதன் கால்களை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, உட்கார்ந்தார்.

"என்ன மெத்தை, படுத்துட்ட?"

"வாய்யா நொட்டை." குரல் காற்றாக வந்தது. "மூடிட்டியா?"

"மூடியாச்சு."

"இவ ஒரு குறையும் இல்லைங்கறா."

"யாரு சொன்னா?" இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு குறையும் இல்லையா? உன் வண்டியிலயா? சொல்லி மாளாத குறை."

மெத்தைக்கடைக்காரரின் தோள் தளர்ந்து தலையணையில் இறங்கியது. ஒரு வாரமாக இறங்காத தோள். "சொல்லு," என்றார்.

"ரெண்டாவது சிலிண்டர், கீழ்ப் பிளக்கு. கரி புடிச்சு, பார்க்கவே அசிங்கமா இருக்கு. தரையில ஓட்டிட்டுப் போகும்போது பெட்ரோலைக் குறைன்னு வருஷா வருஷம் சொல்றேன். நீ குறைக்கிறதே இல்ல."

"குறைச்சேன்யா."

"குறைக்கல. நீ பொய் சொல்லலாம், பிளக்கு பொய் சொல்லாது."

"சரி, குறைக்கல. அப்புறம்?"

"சீட்டுக்கு அடியில மிட்டாய்க் காகிதம். உனக்குச் சக்கரை வியாதி."

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். "அது பழசு," என்றார்.

"பழசு இல்ல, ஒட்டுது. அப்புறம் ஒரு சட்டைப் பித்தான். அப்புறம் எலிப் புழுக்கை."

"எலியா? கூடு கட்டியிருக்கா?"

"கட்டல. உள்ள வந்து பார்த்துட்டு, இதெல்லாம் ஒரு வண்டியான்னு போயிருச்சு."

நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. சாகக் கிடக்கிறவனிடம் வந்து ஒருத்தர் எலிப் புழுக்கையைப் பற்றிப் பேசுகிறார். இவன் என்னடாவென்றால் திருவிழா பார்க்கிறவன்போல முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறான். அவள் தம்பி மனைவியிடம் கண்ணால் கேட்டாள். தம்பி மனைவி கண்ணாலேயே சும்மா இருங்க என்றாள்.

"வால் கம்பி?"

"துணி வச்சு முழுசா தடவிப் பார்த்தேன். ஒரு இழை அறுந்திருந்தாலும் துணி சிக்கும். சிக்கல."

"எண்ணெய்?"

"வடிகட்டியை வெட்டிப் பார்த்தேன். தூள் இல்ல. ஆனா நீ வாங்கற எண்ணெய் எண்ணெயே இல்ல."

மூடியாச்சு என்றதைத் தவிர, இதுவரை எல்லாம் உண்மை என்று அவளுக்குத் தெரியும். பிளக்கையும் விரித்த தாளையும் காலையில் அவளே பார்த்திருந்தாள். மெத்தைக்கடைக்காரர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு கேட்டார்.

"மவுன்ட்?"

மறுபடி உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றுவிட்டது.

"பார்த்தேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"சாயம் போட்டியா?"

"போட்டேன்."

"கோடு?"

இன்ஸ்பெக்டர் சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். பொத்தானை அழுத்தி உள்ளங்கையில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அணைத்தார். மறுபடி எரியவிட்டார். சமையலறையில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. வேறு நேரமாக இருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பார்.

"இல்ல," என்றார்.

மெத்தைக்கடைக்காரர் அவரையே பார்த்தார். காலையில் அவளைப் பார்த்த அதே பார்வை. "இல்லையா?" என்றார்.

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தாள் அவள்.

"கோடு இல்ல," என்றார் இன்ஸ்பெக்டர். டார்ச்சைப் பையில் போட்டார். "ஆனா ஒட்டுகிட்ட பெயிண்ட் உரிஞ்சு துருப்புடிக்க ஆரம்பிச்சிருக்கு. சொரண்டி எடுத்துட்டு மறுபடி அடிச்சேன். நெறம் ஒத்துப்போகல. கண்கொண்டு பார்க்க முடியல. ராத்திரியெல்லாம் அதே ஞாபகம்."

மெத்தைக்கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமானது. அவள் தலையைத் தாங்கித் தண்ணீரை உதட்டில் வைத்தாள். குடித்தார். அன்றைக்கு அவர் குடித்த முதல் தண்ணீர் அது.

"உள்ள இருக்கிற குழாய்க்கு நெறம் பார்க்கறான் பாரு," என்றார் அவளிடம். காலையிலிருந்து அவளோடு பேசிய முதல் பேச்சும் அதுதான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். ஆரம்பித்துவிட்டால் பிறகு அவ்வளவு கஷ்டமில்லை போலிருந்தது. "வலது பிரேக் கட்டை தேஞ்சிருக்கு. மாத்தற அளவுக்கு இல்ல. இந்த வருஷம் தாங்கும். அடுத்த வருஷம் மாத்திக்கலாம்."

"அடுத்த வருஷமா?"

"அடுத்த வருஷம்."

"நீ மறந்துடுவ."

"நான் எதை மறந்திருக்கேன்?"

மெத்தைக்கடைக்காரர் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. "சரி," என்றார். "அடுத்த வருஷம்." கொஞ்சம் கழித்து, "பறந்து பார்த்தாச்சா?" என்றார்.

"நான் பறக்கறதில்லன்னு உனக்குத் தெரியாதா? பயிற்சி குடுக்கிற வாத்தியாரை எடுத்துட்டுப் போகச் சொல்லியிருக்கேன். இப்பப் போயிருப்பாரு."

இது தேவையில்லாத பொய். கேட்டதற்கு மேல் கொடுத்த பொய். இன்ஸ்பெக்டரே சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஜன்னலைத் திற," என்றார் மெத்தைக்கடைக்காரர்.

திறந்தாள். விமான நிலையம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். நாளெல்லாம் ஏதாவது ஒன்று தலைக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். அன்றைக்கென்று ஒன்றும் வரவில்லை. நாத்தனார்கூடப் பேசவில்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றாள். துணி காயப்போட்ட கயிறு, தண்ணீர்த் தொட்டி, ஒரு காகம். வாழ்க்கையில் அவள் அந்த விமானத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை. வா வா என்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார். கூப்பிடும்போதெல்லாம் அடுப்பில் ஏதாவது இருந்தது.

அப்புறம் சத்தம் வந்தது. தூரத்தில் தையல் மெஷின் ஓட்டுவதுபோல ஆரம்பித்து, பெரிதாகி, கூரையை உரசுவதுபோல வந்தது.

"நம்மளுதா?" என்றார் அவர் படுக்கையிலிருந்து.

தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அது வந்தது. மஞ்சள். எலுமிச்சம்பழ மஞ்சள். அவர்களுடையது வெள்ளை.

"நம்மளுதான்," என்றாள்.

"நல்லாத் தெரியுதா?"

"தெரியுது. வெள்ளையா." சொன்னவுடனே விடியற்காலையில் செய்த தப்பு ஞாபகம் வந்தது. திரும்பி இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். அவர் இருந்த இடத்திலிருந்தே மஞ்சள் இறக்கை தெரிந்திருக்கும்; அவர் கண்ணுக்குத் தெரியாதது எது? அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"ஆனா வயிறெல்லாம் எண்ணெய்க் கறை," என்றாள் அவள். "கறுப்பா, வழிஞ்சாப்பல. தொடைக்காமலே அனுப்பியிருக்காங்க. பார்க்க நல்லாவே இல்ல."

படுக்கையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் சிரித்தார்.

"கேட்டியாய்யா? உன் வேலையிலயே இவ நொட்டை சொல்றா."

"தொடைக்கச் சொல்றேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"வந்து ஏறிப் பாருடின்னு கூப்பிட்டா வரமாட்டா. கீழ இருந்துக்கிட்டு கறையைப் பார்ப்பா." கண்ணை மூடிக்கொண்டார். "நல்லாத் தொடைக்கச் சொல்லு."

சத்தம் தேய்ந்து தேய்ந்து போனது. அவள் ஜன்னலை மூடவில்லை. இன்ஸ்பெக்டர் எழுந்து, நாற்காலியை எடுத்த இடத்திலேயே வைத்து, வாசல்வரை போய்த் திரும்பி வந்து, மெத்தைக்கடைக்காரரின் போர்வை ஓரம் ஒரு பக்கம் தாழ்ந்திருந்ததை இழுத்துச் சமன் செய்தார். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

அன்று பொழுது சாய்வதற்கு முன்னால் மெத்தைக்கடைக்காரர் இறந்துபோனார். மனைவி அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் தன் சின்ன வயசுக் கதை எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். கதையின் நடுவில் நாத்தனார் நிறுத்தினாள். அவள் கதையை நடுவில் நிறுத்தி அதுவரை யாரும் கண்டதில்லை.

*

மறுநாள் வெயில் அதிகம். மெத்தை வாங்கியவர்கள், மெத்தை வாங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், விமானம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் வந்தார்கள். விமானக்காரர்கள் மேகத்தைப் பார்த்துக்கொண்டே துக்கம் விசாரித்தார்கள். பெட்டியைத் தூக்கும் நேரத்தில் இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். குனிந்தார். கைப்பிடி ஒன்றில் திருகு தளர்ந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து முறுக்கினார். மற்ற கைப்பிடிகளையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். அவர் நிமிர்ந்து தலையசைக்கும்வரை தூக்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். "இதுலயுமா?" என்று விமானக்காரர் ஒருவர் முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை.

எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியபின், கூட்டம் கலைந்து, முற்றத்தில் நாலைந்து பேர் மிஞ்சினார்கள். பல் டாக்டர் வீட்டு அம்மாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பல் டாக்டரும் ஒரு காலத்தில் விமானம் வைத்திருந்தவர். அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. அந்த அம்மாளுக்கு வயதாகிவிட்டது. நாத்தனார் கொடுத்த டீயை இரண்டு கையாலும் பிடித்து ஊதிக்கொண்டிருந்தாள்.

"கஷ்டப்படாம போனாரா?"

"கடைசி நேரத்துல சிரிச்சாரு," என்றாள் அவள். அதற்கு மேல் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. முற்றத்தின் அந்தக் கோடியில் இன்ஸ்பெக்டர் வாடகை நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் தலைகீழாகக் கவிழ்த்து, கால்களைப் பார்த்துவிட்டுத்தான் அடுக்கினார். ஆடுகிற நாற்காலிகளைத் தனியாக வைத்தார்.

"அந்த மனுஷன் இருக்காரே," என்றாள் அவள். "வாழ்க்கையில ஒரு பொய் சொன்னதில்ல. உங்களுக்கே தெரியும். எங்க வீட்டுக்காரருக்காக நேத்து வந்து உக்காந்து முதல் தடவையா ஒண்ணு சொன்னாரு. ஆனுவல் முடிஞ்சுது, பறக்கலாம்னு. அவரும் நம்பிட்டுப் போனாரு."

பல் டாக்டர் வீட்டு அம்மாள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். ஒரு மடக்கு டீ குடித்தாள்.

"எங்க வீட்டுக்காரர்கிட்டயும் கடைசி நாள்ல வந்து உக்காந்து சொன்னாரும்மா," என்றாள். "ஒவ்வொரு சிலிண்டரா, அவ்வளவு விவரமா. எங்க விமானத்தை வித்து அப்பவே ரொம்ப வருஷம் ஆகியிருந்துச்சு."